சாட்சிக் கையெழுத்து

"குழந்தையே இல்லாத வீட்டுல குழந்தை அழுதா, அது எங்கேயோ திருடின குழந்தையாத்தான் இருக்கணும்," என்றார் செயலாளர்.

"பூனையா இருக்கும். உங்களுக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்றாள் மனைவி.

மனைவி சொல்லி அவர் எதை விட்டிருக்கிறார், இதை விட? அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் அவர். யார் வீட்டு வாசலில் புதுச் செருப்பு கிடந்தாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

கீழ் வீட்டில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் அவர் மனைவியும் மட்டும்தான். பிள்ளை குட்டி கிடையாது. அங்கே சில நாளாகக் குழந்தை அழுகிற சத்தம். பட்டப்பகலிலும் ஜன்னல் சாத்தியே இருக்கிறது. கேட்டால், "டி.வி. சத்தம் சார்" என்று சமாளிக்கிறாள் அந்தம்மா.

உள்ளே புகுந்து பார்க்கச் சங்கச் செயலாளருக்கு அதிகாரம் இல்லை. அந்த வருத்தம் அவருக்கு ரொம்ப நாளாகவே உண்டு.

"பெத்தவ எங்கே கிடந்து தவிக்கிறாளோ," என்று நிஜமாகவே கலங்கினார். புகார் எழுதிப் போட்டார்.

குழந்தைகள் நல அதிகாரி கோர்ட் உத்தரவோடு வந்து இறங்கினார். நடுத்தர வயதுப் பெண்மணி. கூட ஒரு பெண் போலீஸ்.

செயலாளர் படியிலேயே காத்திருந்தார். "கதவை உடைச்சிடலாமா மேடம்?"

"அவசரப்படாதீங்க சார். உள்ளே போய்த் தேடறதுக்குக் கோர்ட் எனக்கு அதிகாரம் கொடுத்திருக்கு. ஆனா நான் பாட்டுக்குப் போய்த் தேட முடியாது. நாளைக்கு நானே எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லிட்டா? இந்தக் கட்டடத்துல குடியிருக்கிற ஒருத்தர் சாட்சியா வரணும்."

"பின்னே நான் எதுக்கு இருக்கேன்?" சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

கதவைத் திறந்த கீழ் வீட்டம்மா போலீஸைப் பார்த்துக்கூட அவ்வளவு பயப்படவில்லை. பின்னால் நின்ற செயலாளரைப் பார்த்ததும்தான் முகம் வெளுத்தது.

"மேடம், நீங்க எங்கே வேணும்னாலும் தேடுங்க. இவர் மட்டும் உள்ளே வர வேண்டாம்."

"ஏன், குட்டு வெளிப்பட்டுடுமேன்னா?" என்றார் செயலாளர்.

"சாட்சி இவர்தாம்மா. வழியை விடுங்க," என்றார் அதிகாரி.

கூடத்தில் ஒன்றுமில்லை. சமையலறைக்குள் கொடி கட்டி, குட்டிக் குட்டியாகத் துணிகள் காய்ந்தன. செயலாளர் அதை அதிகாரிக்குக் கண்ணாலேயே காட்டினார். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது.

"அதைத் திறக்கச் சொல்லுங்க மேடம். கையும் களவுமா பிடிச்சிடலாம்."

கதவு திறந்தது.

கட்டிலில் ஓர் இளம்பெண். மடியில் பிறந்து சில நாளே ஆன குழந்தை. அதைச் சுற்றியிருந்த பச்சைத் துணி, செயலாளர் மனைவியின் பழைய புடவையில் கிழித்தது.

செயலாளர் நிலைப்படியைத் தாண்டவில்லை.

அதிகாரி ஆஸ்பத்திரிச் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். அந்தப் பெண்ணிடம் கொஞ்ச நேரம் பேசினார். முகம் இளகிவிட்டது.

"பெத்த தாய் இவங்கதான். ஒரு தப்பும் இல்லை. இதுக்கு எதுக்கும்மா இந்த ஒளிவு மறைவு?"

கீழ் வீட்டம்மாதான் பதில் சொன்னாள். "புருஷன் கப்பல் வேலைக்குப் போயிருக்கார் மேடம். காதல் கல்யாணம். ரெண்டு வீட்டுலயும் சேர்த்துக்கலை. பச்சை உடம்போட ஒண்டியா அல்லாடிக்கிட்டிருந்தா. மனசு கேக்கலை, கூட்டிட்டு வந்துட்டோம். யார் கண்ணுல படக் கூடாதுன்னு நெனச்சோமோ..." அவள் பார்வை செயலாளர் மேல் போய் நின்றது.

அதிகாரி அங்கேயே உட்கார்ந்து அறிக்கை எழுதி முடித்தார். பேனாவைச் செயலாளரிடம் நீட்டினார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன் சார். சொந்தக்காரங்க சாட்சிக் கையெழுத்துப் போட்டா செல்லாது. இந்தப் பொண்ணுக்கும் உங்களுக்கும் ஏதாவது சொந்தம் உண்டா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டாள். நாலு பேர் எதிரில் அவருக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாதே என்கிற பதைப்பு அவள் குரலிலேயே தெரிந்தது.

"இல்லைங்க மேடம். ஒரு சொந்தமும் இல்லை."

அவள் வீட்டை விட்டுப் போன அன்றைக்கு வாசலில் நின்று அவர் கத்திய அதே வார்த்தை. சொன்னபோது அவருக்கு வலிக்கவில்லை. கேட்கும்போது வலித்தது.

"அப்போ சரி. போடுங்க சார்."

பேனாவை வாங்கினார். குழந்தை கொட்டாவி விட்டது. பேனாவை மூடி, அதிகாரியிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வேற ஆளைப் பாருங்க மேடம். நான் இந்தக் குழந்தைக்குத் தாத்தா."