யார் பேரைப் போட?

“பிரீமியம் கட்டினா மட்டும் போதுமாங்க? பாலிசியில நாமினி இன்னும் உங்கம்மாதான். அவங்க காலமாகி ரெண்டு வருஷமாச்சே!” என்றாள் ஏஜெண்ட் லூர்துராணி.

“மாத்திடுங்க மேடம்,” என்றார் அமிர்தராஜ்.

“யார் பேரைப் போட?”

“தினம் என்னைத் திட்டுறதுக்குன்னே ஒருத்தி இருக்கா. அவ பேரைப் போடுங்க.”

“என்ன உறவு?”

“அதையும் அவகிட்டயே கேளுங்க.”

லூர்துராணி சிரித்துக்கொண்டே தன் பெயரை எழுதி, பக்கத்தில் ‘மனைவி’ என்று சேர்த்தாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு மணப்பாறை பஸ்ஸுக்கு ஓடினார்.

மதியமே அதை ஆபீஸில் பதிந்துவிட்டாள். மாலையில் அவர் திரும்பி வந்த பஸ் கவிழ்ந்தது, அவர் பிழைக்கவில்லை. பாலிசிப் பணம் சிக்கலில்லாமல் வந்தது. பிள்ளைகள் படித்தார்கள்.

அதன் பிறகு மேலப்புதூரில் எந்த வீட்டுக்குப் பிரீமியம் வாங்கப் போனாலும், நாமினியைச் சரிபார்க்காமல் அவள் எழுந்ததில்லை.

அவளுடைய பாலிசியில் மட்டும் நாமினி இன்னும் அமிர்தராஜ்தான்.