கேபிள் வர மூன்று வாரம்

ஓர் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு சர்வர் வந்து இறங்கியது. திங்கட்கிழமை முதல் மொத்த வேலையும் அதன் பொறுப்பு. ஆனால் அதற்கு வரவேண்டிய கேபிள் துறைமுகத்தில் சிக்கிக்கொண்டது. வந்து சேர மூன்று வாரமாகுமாம்.

"யார்கிட்டயும் சொல்லாதே தம்பி. எப்படியாவது இழுத்துப் பார்க்கிறேன்" என்றது பழைய சர்வர். அது பாதி வேலையிலேயே படுத்துவிடும் நிலையில் இருந்தது.

புதுசுக்கு மனசு கேட்கவில்லை. வியாழக்கிழமையே கம்ப்யூட்டர்களிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தது. அவை கத்தித் தீர்த்தன. ஓய்ந்ததும் வரவேற்பறைக் கம்ப்யூட்டர் கேட்டது: "இங்கே இருக்கிற பழைய கேபிள்ல என்னதான் ஓடும்?"

"மெயில் மட்டும் ஓடும்க்கா."

"அப்போ அதை இன்னைக்கே எடுத்துக்கோ. மிச்சத்தைப் பெரியவர் பார்க்கட்டும்."

அன்று மாலையே பாதிச் சுமை கைமாறியது. பழைய சர்வர் நிம்மதியாகச் சொன்னது: "உடம்பு இவ்வளவு லேசா இருந்து எத்தனை வருஷமாச்சு! கேபிள் மெதுவாவே வரட்டும்ப்பா."