நாற்பத்தொன்றாம் பக்கம்

2018 ஜூன் 11, பாளையங்கோட்டை. ஓய்வுபெற்ற தாசில்தார் ஆசீர்வாதம் தன் வாழ்க்கை வரலாற்றை நூலாக்க டிடிபி கடைக்கு வந்தார். கடை நடத்தும் செண்பகம் அவர் கொண்டுவந்த கணினிக் கோப்பை இரண்டு மென்பொருள்களில் திறந்து காட்டினாள். அவர் வீட்டில் பயன்படுத்தும் பழையதில் வெறும் எழுத்துகள் மட்டும் இருந்தன. புதியதில் ஓரமெங்கும் சிவப்புக் குறிப்புகள் தெரிந்தன. போன மாதம் இறந்த அவர் மகள் எழுதியவை. ஜீப்பைத் தானே தள்ளியதாக அவர் எழுதியிருந்த வரியின் ஓரத்தில்:

"அளக்காதீங்கப்பா. ஜீப்பத் தள்ளுனது அம்மா."

அவர் சிரித்துவிட்டார். குறிப்புகள் நாற்பத்தொன்றாம் பக்கத்தோடு நின்றிருந்தன.

"புதுசுதான் ஈசி சார். ஒரே தட்டுல இதையெல்லாம் அழிச்சிரலாம்."

"அவ சொன்னபடி திருத்திட்டு, இதோட நிப்பாட்டிரும்மா."

"இன்னும் நூறு பக்கம் கெடக்கே சார்?"

"அத அவ பாக்கலையே."

ஆகஸ்டில் வந்த நூல் ஒரு வாக்கியத்தின் பாதியில் முடிந்திருந்தது.