கடைசிக் கட்டம்

அப்பாவுக்கு வாதத்தில் இரண்டு கைகளும் விழுந்துவிட்டன. வேலை முடிந்து வந்ததும், அவர் சொல்லச் சொல்ல மகள் சுடோகுவை நிரப்புவாள். கடைசிக் கட்டத்தை மட்டும் விடச் சொல்வார்.

"அது உங்கம்மாவுக்கு."

அம்மா இறந்து ஒரு வருடமாகிறது. ஆனாலும் மகள் டீ போட்டு வருவதற்குள் அந்தக் கட்டத்தில் ஓர் எண் இருக்கும், எப்போதும் தப்பாக.

"இன்னைக்கும் தப்புப்பா."

"உங்கம்மா மக்கு, இப்பதானே கத்துக்கறா. கத்துக்கிட்டதும் என்னைக் கூட்டிட்டுப் போறேன்னிருக்கா."

மகள் அலுப்போடு அழித்துவிட்டுச் சமைக்கப் போவாள்.

இன்று நான்கு இருந்தது. குறுக்கே பார்த்தாள், நெடுக்கே பார்த்தாள். எங்கும் இன்னொரு நான்கு இல்லை.

"சரியாப் போட்டாளா?"

"தப்புப்பா." தாள் கிழியும்வரை ரப்பரால் தேய்த்தாள்.

அப்பா அவளுக்குப் பின்னால் பார்த்துச் சொன்னார்: "விடு, நாளைக்குப் பார்த்துக்கலாம்."