மகாலா நடக்கிறாள்

“மகாலா இன்னிக்கும் மேயக் கிளம்பிட்டா” என்றான் ஹலாக்கே, கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மஞ்சள் புள்ளி ஒன்று தொழுவத்தை விட்டு மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது.

கென்யாவின் வடக்கே மழை பொய்த்து வெகுநாளாயிற்று. கால்நடை ஆராய்ச்சி நிலையத்தார் மாடுகளின் கழுத்தில் கட்டிவிட்டிருந்த சிக்னல் பட்டைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. புள்ளி நின்றால் மாடு செத்தது என்று அர்த்தம். ஹலாக்கே அதைத் திரையிலிருந்து அழித்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பான். அவன் அப்பாவின் மாடுகளும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன.

கடைசியில் மிஞ்சியது மகாலா ஒருத்தி. கொடானா என்கிற போரானா இனத்து மாட்டுக்காரரின் செம்பழுப்புப் பசு. தினமும் மேயப் போகிறாள், பொழுது சாயத் திரும்புகிறாள். போகிற வழியில்தான் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அங்கே அவள் நிற்பதே இல்லை.

“தண்ணியே இல்லாம தாக்குப்பிடிக்கிறா, வாரியோ” என்றான் ஹலாக்கே. “இவ கன்னுங்களைப் பெருக்கி வீட்டுக்கு ஒண்ணு குடுத்துட்டா, நம்ம சனம் இனிமே எந்தப் பஞ்சத்துக்கும் பயப்பட வேண்டாம்.”

“எனக்குத் தெரிஞ்சு தண்ணி கேக்காத ஒரே ஜீவன் நம்ம வண்டிதான் சார்” என்றான் ஓட்டுநர் வாரியோ. “அதுவும் டீசல் கேக்குது.”

மகாலாவை நேரில் பார்க்கக் கிளம்பினார்கள். அவளுக்கென்று புல்கட்டுகளும் ஒரு டிரம் தண்ணீரும் வண்டியில் ஏறின. ரத்தம் எடுக்க ஊசியும் ஐஸ் பெட்டியும் ஏறின.

“மாட்டுக்கு எல்லாம் ஆச்சு. அங்க இருக்கிற ஆளுங்களுக்கு ஏதாச்சும்?”

“அதுக்கு வேற ஆபீஸ் இருக்குய்யா. நீ கயித்தை இறுக்கிக் கட்டு.”

வழி நெடுக எலும்புகள் கிடந்தன. வாரியோ முதலில் ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினான், பிறகு விட்டுவிட்டான். ஊருக்குள் நுழைந்தபோது ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. பாதிக் குடிசைகளில் ஆளே இல்லை. மீதி வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்கள் வண்டியைப் பார்த்தார்கள், ஆனால் யாரும் எழுந்து வரவில்லை. ஹலாக்கேவுக்கு என்னவோ போலிருந்தது.

கொடானாவின் மனைவி டலாசோ மட்டும் எழுந்து வந்தாள். பால் இல்லாத டீயைக் கொண்டுவந்து வைத்தாள். மாட்டை நம்பி வாழும் அந்த ஊரில் விருந்தாளிக்கு அப்படி வைக்க அவள் எவ்வளவு கூசியிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

“மகாலா எங்க, அக்கா?”

“பொழுது சாயட்டும் தம்பி.”

“நல்லா இருக்காளா?”

“பட்டையைக் கழட்டிட்டுப் போகவா வந்தீங்க?” என்று கேட்டாள்.

“ஐயோ, இல்லக்கா. கொஞ்சம் ரத்தம் மட்டும் எடுத்துக்குவோம். உங்க மாடு உங்ககிட்டயேதான் இருக்கும்.”

“கழட்டிடாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெயில் இறங்கியது. ஹலாக்கே கைக்கருவியை எடுத்துப் பார்த்தான். தொட்டியைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, புள்ளி வந்துகொண்டிருந்தது. வாரியோ புல்கட்டை அவிழ்த்துத் தயாராக வைத்தான். இரண்டு பேரும் தொழுவத்து முள்வேலி ஓரமாக காத்து நின்றார்கள்.

புள்ளி கிட்டத்தில் வந்துவிட்டது. குளம்புச் சத்தத்தை மட்டும் காணோம்.

“சார், எனக்கு இது சரியாப் படலை” என்றான் வாரியோ, குரலைத் தாழ்த்தி.

புழுதிக்குள்ளிருந்து ஒரு ஆள் வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். கால் பின்னப் பின்ன, கோலை ஊன்றி ஊன்றி நடந்து வந்து, காலித் தொழுவத்துக்குள் நுழைந்து உட்கார்ந்தார். ஹலாக்கே அவருக்குப் பின்னால் பார்த்தான். வெறும் புழுதிதான் இருந்தது. கைக்கருவியைப் பார்த்தான். புள்ளி தொழுவத்துக்குள் நின்றிருந்தது.

பட்டை கொடானாவின் கழுத்தில் இருந்தது.

“மகாலா எங்க, அண்ணே?” என்று கேட்டான் ஹலாக்கே.

“அது எல்லா மாட்டோடயும் சேந்து போயிடுச்சு தம்பி. ரொம்ப நாளாச்சு.”

“பாவம் சார். புத்தி பேதலிச்சுப்போச்சு” என்று முணுமுணுத்தான் வாரியோ.

ஹலாக்கே அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வீட்டுக்கு ஒரு கன்று என்று அவன் போட்டு வைத்திருந்த கணக்கெல்லாம் மண்ணாய்ப் போனது. பசு போன துக்கத்தில் மனுஷன் இப்படி ஆகிவிட்டாரே என்று மெதுவாக அவர் தோளைத் தொட்டான்.

“செத்த மாட்டோட பட்டையைக் கட்டிக்கிட்டு, இந்த உடம்போட, ஏண்ணே தினமும் இப்படி நடக்கிறீங்க?”

கொடானா வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, நிதானமாகவே சொன்னார்.

“பட்டை நின்ன வீட்டுக்கு நீங்க யாரும் வரலையே, தம்பி.”