வலது கன்னம்

ஜெசிந்தாவுக்கு வலிப்பு வரும்போதெல்லாம் அலுவலகத்தில் யாராவது அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டு விலகி நிற்பார்கள். கணவர் போனபின் வீட்டில் அதற்கும் ஆளில்லை. ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டரம்மாதான் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மூளைக்குள் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரிந்தன.

“சுண்ணாம்பு படிஞ்சிருக்கும்மா. ஆனா ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து ரொம்பக் கம்மி. முன்னாடி தைராய்டு ஆபரேஷன் பண்ணப்போ, அந்தச் சத்தைச் சீரா வச்சுக்கற பக்கத்துச் சின்னச் சுரப்பிகளும் போயிருக்கு. அதான் வலிப்பு. படிஞ்சது அப்படியேதான் இருக்கும். வலிப்ப மாத்திரையில நிறுத்திடலாம்.”

பிறகு அவளுடைய காதுக்கு முன்னால், வலது கன்னத்தில், விரலால் மெல்லத் தட்டினார். உதட்டின் வலது ஓரம் தானாக வெட்டி இழுத்தது.

“இந்த இழுப்பு நின்னா சத்து ஏறிடுச்சுன்னு அர்த்தம்.”

ஜெசிந்தா அதைச் சரியாகக் கேட்கவில்லை. தன் முகத்தை இன்னொருவர் தொட்டு எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

மாதாமாதம் போனாள். டாக்டர் ஒவ்வொரு முறையும் தட்டிப் பார்த்தார். வலிப்பு நின்றது. இழுப்பும் குறைந்துகொண்டே வந்தது.

“இன்னிக்கு இழுக்கலைன்னா, இனிமே ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்தா போதும்” என்றபடி டாக்டர் கையை நீட்டினார்.

விரல் வலது கன்னத்தில் பட்டது. எதுவும் அசையவில்லை. ஜெசிந்தா அவசரமாக உதட்டை இழுத்தாள். பதற்றத்தில் இழுபட்டது இடது ஓரம்.

டாக்டரின் விரல் கன்னத்திலேயே சற்று நேரம் நின்றது.

“இன்னும் கொஞ்சம் இருக்கு போல” என்றார். “அடுத்த மாசமும் வந்துடுங்கம்மா.”