மார்க் தராத புத்தகம்

கல்லூரி நூலகத்தில் ஒரு நாவல் இருந்தது. வந்து ஒன்பது வருஷமாகியும் யாரும் அதை எடுத்துப் போனதில்லை.

"உன்னைப் படிச்சா எத்தனை மார்க் வரும்?" என்று கேட்டது பக்கத்திலிருந்த வேதியியல் பாடப்புத்தகம்.

"மார்க் வராது. சிரிப்பு வரும்."

"அதான் உன்னைக் கழிச்சுக்கட்டப் போறாங்க. பட்டியல்ல உன் பேர் இருக்கு."

நாவலுக்கு அட்டை நடுங்கியது.

மறுநாள் பாடப்புத்தகம் தேடி வந்த மாணவி ஜெசிந்தா, தவறுதலாக நாவலை உருவிவிட்டாள். சும்மா புரட்டியவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். பத்தாம் பக்கத்தில் வாய்விட்டுச் சிரித்தாள்.

அதட்ட வந்த நூலகர் எட்டிப் படித்தார். அவரும் சிரித்துவிட்டு, கழிக்கும் பட்டியலிலிருந்து நாவலின் பேரை அடித்துவிட்டார்.

"அடுத்து எனக்குடி!" என்று சிரிப்புச் சத்தம் கேட்டு வந்த தோழிகள் முண்டியடித்தார்கள்.

ஜெசிந்தாவின் கையில் நாவல் ஜம்மென்று கிளம்பியது.

"திரும்பி வந்ததும் எனக்கும் அந்தக் கதையைச் சொல்றியா?" என்றது பாடப்புத்தகம்.

"வரிசையில வா!" என்றது நாவல்.